கல்லைக் கண்ட கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவியருக்கு நினைவு வருவது கலைதான். கீழைத்தேயச் சிற்பத்தின் பொருளை மேலைத்தேயத்தவருக்கு விளக்கியவர், கண்டிக் காலச் சிங்களக் கலைபற்றிப் பெருநூல் எழுதியவர், அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர் என்று படித்திருக்கிறோம். அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதைப் பலர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கலைக்குப் போய்விடுகிறார்கள். புவியியல் கற்பிக்கும் எனக்கோ அந்த ஒரு வரியில் நின்று கதைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இந்நாட்டின் நிலத்தடியில் கிடந்த ஒரு சக்தி மூலம் உலகுக்குத் தெரியவந்தது அவர் காலத்தில், அவர் கையால். அந்தக் கல்லின் கதையும் அவருடைய வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னியவை.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

2022 ஆம் ஆண்டு எவருக்கும் மறக்காது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் மைல் கணக்கில் வரிசை. சமையல் வாயுச் சிலிண்டருக்கு விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டும். மார்ச்சு மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த நாள்களில் உயர்தர வகுப்பில் ஒரு மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய வாப்பா வளைகுடா நாடொன்றில் சாரதி. அங்கே மண்ணைத் தோண்டினால் எண்ணெய் வருகிறது, நமக்கு மட்டும் ஏன் ஒன்றும் வைக்கப்படவில்லை என்பது அவளுடைய கேள்வி. வகுப்பே சிரித்தது. எனக்கு அது சிரிக்கும் கேள்வியாகத் தோன்றவில்லை.

நான் புளியங்கூடலில் பிறந்தவள். வேலணைத் தீவில் சரவணைக்கும் நாரந்தனைக்கும் அருகே உள்ள ஊர். எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் சிறிது மண்ணுக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அந்தக் கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிப்பியின் அச்சு இருக்கும். இற்றைக்கு ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே ஆழமற்ற கடல் இருந்தது என்பதற்கு அந்தச் சிப்பி சாட்சி. கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நல்ல தண்ணீர் போய் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். தீவகத்தாருக்கு நிலத்தடிச் செல்வம் என்றால் அந்தத் தண்ணீர்தான்.

எண்ணெய் உண்டாவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து சேற்றோடு படிய வேண்டும். அதன்மேல் ஆயிரக்கணக்கான மீற்றர் தடிப்பில் மணலும் களியும் படிந்து, அழுத்தமும் வெப்பமும் பல இலட்சம் ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். உண்டான எண்ணெய் ஒதுங்கி நிற்க நுண்துளையுள்ள பாறையும், அது மேலே தப்பிவிடாமல் மூடி நிற்க இறுகிய பாறையும் வேண்டும். வளைகுடாவில் இவை எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தன. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு, உயிரினம் பெருகுவதற்கு முன்பே உருவாகி, பின்னர் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை. அங்கே எண்ணெயோ நிலக்கரியோ தேடிப் பயனில்லை. வடமேற்குக் கரையோரமும் அதையொட்டிய கடலும் மட்டுமே விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கான இடங்களிலும் தேடியிருக்கிறார்கள். 1974 முதல் மன்னார்ப் பேசாலையில் சோவியத் உதவியோடு துளையிட்டார்கள். 1976 இல் அமெரிக்க நிறுவனமொன்று பாக்கு நீரிணையில் துளையிட்ட ஒரு கிணற்றுக்கு நெடுந்தீவின் ஆங்கிலப் பெயரையே வைத்தார்கள். வணிகத்துக்கு உதவும் எண்ணெய் எதிலும் கிடைக்கவில்லை. 2011 இல் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் இரண்டு இடங்களில் இயற்கை வாயு இருப்பது தெரியவந்தது. ஆயினும் அது இன்னும் அடுப்புக்கு வந்து சேரவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு அந்த மாணவிக்கு நான் சொன்ன மறுமொழியின் மற்றப் பாதிதான் ஆனந்த குமாரசுவாமி. எண்ணெய் இல்லாத அந்தப் பழம்பாறைக்குள் வேறொரு சக்தி இருந்தது.

இரு கரைகளில் வளர்ந்த பிள்ளை

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட குடும்பத்தவர், சட்டவறிஞர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1874 இல் சேர் பட்டம் பெற்றவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். எனவே அவ்விருவரும் ஆனந்தருக்கு மச்சான்மார். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தவர். கெந்திஷ் என்ற நடுப்பெயர் தாயின் ஊரை நினைவூட்டுகிறது.

பிள்ளைக்கு இரண்டு வயதாகும் முன்னரே, 1879 இல், தந்தையார் காலமானார். தாயார் பிள்ளையோடு இங்கிலாந்திலேயே தங்கினார். தகப்பனில்லாப் பிள்ளையைத் தனியாக நின்று படிப்பித்து ஆளாக்கிய தாய்மார் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அந்த அம்மையாரையும் அவர்களோடு சேர்த்து எண்ண வேண்டும்.

பன்னிரண்டாம் வயதில் குளொஸ்ரர்ஷயரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியில் சேர்ந்தார். அந்தப் பகுதியின் குன்றுகள் உயிர்ச்சுவடுகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையாலானவை. மாணவராக இருந்தபோதே பக்கத்துக் குன்றொன்றின் அமைப்பைப்பற்றிக் கல்லூரி இதழில் எழுதினார். அது அவருடைய முதல் எழுத்து. இந்தக் கட்டுரை வெளிவருவதுபோன்ற ஒரு கல்லூரி இதழில்தான் அவருடைய எழுத்தும் தொடங்கியது என்பதை நம் மாணவியர் மனத்தில் வைக்க வேண்டும்.

பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900 இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவருடைய ஆய்வு லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பென்சில் செய்யவும் உலோகம் உருக்கும் மூசை செய்யவும் பயன்படும் காரீயம் அக்காலத்தில் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. அதுவும் கரியே. ஆனால் நிலக்கரிபோல எளிதில் எரியாத கரி.

கறுப்புக் கல்

1903 இல் இலங்கையில் கனிப்பொருள் அளவைத் திணைக்களம் ஒன்று ஏற்படுத்தப்பட்டபோது அதன் முதலாவது பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். வயது இருபத்தைந்து. திணைக்களத்தின் நோக்கம் வெளிப்படையானது. இந்தக் குடியேற்ற நாட்டில் தோண்டி விற்கத்தக்கது எது, எங்கே, எவ்வளவு என்று கணக்கெடுக்க வேண்டும். மனைவி எதெல் மேரியோடு மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மலைநாடெங்கும் திரிந்தார். அவர் பாறையைக் குறிப்பெடுக்க, எதெல் ஒளிப்படம் பிடித்தார்.

கண்டிக்கு அருகில் கிடைத்த ஒரு நீலக் கனிப்பொருளை அவரும் பிரித்தானிய நூதனசாலையின் அறிஞர் பிரயரும் சேர்ந்து ஆராய்ந்து, புதியது என்று கண்டு, அதற்குச் செரண்டிபைற்று என்று பெயரிட்டார்கள். அரபுக் கடலோடிகள் இத்தீவை அழைத்த சரந்தீப் என்ற பெயர் அந்தக் கல்லுக்குள் இருக்கிறது. உலகில் எந்தக் கனிப்பொருள் அகராதியைப் புரட்டினாலும் அந்தப் பெயரைக் காணலாம்.

இதைவிடப் பெரிய செய்தி 1904 இல் வந்தது. சப்பிரகமுவவில் பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுப் பரல்களை அரித்து இரத்தினக்கல் எடுப்பார்கள். நீலமும் புட்பராகமும் தேடுபவர்களுக்கு மற்றவை எல்லாம் கழிவு. அந்தப் பரல்களிடையே கறுப்பு நிறத்தில், சிறு சதுரமுகிகளாக, கையில் எடுத்தால் வியக்கத்தக்க பாரமுள்ள ஒரு கல் இருந்தது. அது நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பாரம். முதலில் அது யுரேனியக் கனிப்பொருளான யுரேனினைற்று என்று கருதப்பட்டது. குமாரசுவாமி அதன் மாதிரிகளை லண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே பேராசிரியர் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது அதன் பெரும்பகுதி தோரியம் ஒக்சைட்டு என்றும், யுரேனியம் அதற்கு அடுத்தது என்றும் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் ‘நேச்சர்’ இதழில் செய்தி வெளிவந்தது. புதிய கனிப்பொருளுக்குத் தோரியனைற்று என்று பெயராயிற்று.

கழிவென்று தள்ளப்பட்ட கல்லை ஒருவர் கையிலெடுத்து, இது ஏன் இவ்வளவு பாரம் என்று நின்று யோசித்ததுதான் இங்கே நடந்தது. அந்தக் கேள்விக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. கையும் கண்ணும், அவற்றுக்குப் பின்னால் படிப்பும் இருந்தால் போதும்.

பெற்றோமக்ஸ் வெளிச்சம்

தோரியத்தை உலகம் அப்போது எதற்குத் தேடியது என்றால், அணுசக்திக்காக அன்று.  வாயு விளக்கின் மென்டிலுக்காகத்தான் தேடியது.

என் வயதுக்காரருக்குப் பெற்றோமக்ஸ் நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா எதுவானாலும் பெற்றோமக்ஸ் வந்தால்தான் களை கட்டும். மண்ணெண்ணெயை ஊற்றி, காற்றடித்து, சிறிய துணிப்பைபோன்ற மென்டிலைக் கட்டிப் பற்றவைப்பார்கள். துணி எரிந்துபோகும். எஞ்சிய வெள்ளைச் சாம்பற்கூடு, தொட்டால் உதிர்ந்துவிடும் மென்மையோடு, கண் கூசும் ஒளி தரும். அந்தச் சாம்பற்கூடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒக்சைட்டு, மீதி சீரியம் ஒக்சைட்டு. வெப்பத்தில் உருகாமல் நின்று, பெற்ற வெப்பத்தை ஒளியாக்குவது அதன் குணம். இந்நாளில் தோரியத்துக்குப் பதிலாக வேறு சேர்வைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு விளக்கில் நிலத்தடியின் இரண்டு செல்வங்கள் இருந்தன. தாங்கியில் கடலுயிர்களின் எச்சமான எண்ணெய். மேலே பழம்பாறையின் தோரியம். போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் வடக்குக்கு வருவது தடைப்பட்டபோது பெற்றோமக்ஸ் மூலைக்குப் போயிற்று. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துச் சில துளி எண்ணெயில் திரி எரித்து நாங்கள் படித்தோம். எண்ணெய் எங்கிருந்தோ வரவேண்டிய பண்டமாக இருக்கும்வரை, யாரோ அதை நிறுத்தவும் முடியும் என்பதை எங்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

லண்டன் ஆய்வுகூடத்தில் இலங்கைக் கல்

தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது என்பதை மேரி கியூரி அம்மையார் 1898 இலேயே கண்டிருந்தார். தோரியனைற்றில் தோரியமும் யுரேனியமும் சேர்ந்திருந்ததால் அது விஞ்ஞானிகளுக்கு அரும்பொருளாயிற்று. அந்தக் கல்லைச் சூடாக்கினால் ஈலியம் வாயு வெளிவந்தது. ஒரு கிராம் கல்லில் எட்டு ஒன்பது கன சென்ரிமீற்றர் அளவுக்கு அந்த வாயு அடைபட்டுக் கிடந்தது. கதிர்வீசும் மூலகங்கள் தேயும்போது பிறக்கும் ஈலியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லுக்குள்ளேயே சேர்ந்திருந்தது. எனவே அதை அளந்து பாறையின் வயதைக் கணிக்கும் வழியும் திறந்தது.

இதனோடு சேர்ந்த இன்னோர் உண்மையும் உண்டு. பூமியின் உள்வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவை தேய்வதால் பிறப்பது. மற்றப் பாதி பூமி உருவான காலத்து எச்சம். திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. எரிமலை நாடுகளில் இந்தச் சூட்டைக்கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், குமாரசுவாமி படித்த அதே கல்லூரியில், சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடம் இருந்தது. 1904 இல் ஒற்றோ ஹான் என்ற ஜெர்மனிய இளைஞர் அங்கே வேலை பழக வந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பை அவரிடம் கொடுத்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரிக்கும்போது அதுவரை அறியப்படாத ஒரு பொருளைக் கண்டு, 1905 இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கதிர்த்தொழிற்பாடே துறையாயிற்று. 1938 இறுதியில் அவரும் ஸ்ராஸ்மனும் யுரேனியக் கருவை நியூத்திரனால் தாக்கியபோது கரு பிளந்ததற்கான தடயத்தைக் கண்டார்கள். அது கருப்பிளவுதான் என்று விளக்கியவர் லீசே மைற்னர் என்ற பெண்மணி. யூதப் பிறப்பினர் என்பதால் ஜெர்மனியிலிருந்து தப்பியோடியிருந்த அவர், தமது மருமகன் ஃபிரிஷ்ஷோடு சேர்ந்து அந்த விளக்கத்தைத் தந்தார். நோபல் பரிசு ஹானுக்குக் கிடைத்தது. மைற்னருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் மாணவியர் இரண்டு பெயர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கருப்பிளவு வந்த வழியிலேயே 1945 இல் ஹிரோஷிமாவும் வந்தது, பின்னர் மின்னிலையங்களும் வந்தன. இலங்கைக் கல் அணுகுண்டுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்லில் கைபழகிய ஓர் இளைஞர் அந்த வாசல்வரை போனார் என்பதே செய்தி. தோரியம் தானாகப் பிளந்து சங்கிலியாக எரிவதில்லை. நியூத்திரனை உண்டு, படிப்படியாக யுரேனியம் 233 ஆக மாறிய பிறகே அது எரிபொருளாகும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் 1909 இல் தோரியமுள்ள மொனசைற்று கண்டறியப்பட்டது. இந்தியா தன் அணுமின் திட்டத்தின் மூன்றாம் படியை அந்தத் தோரியத்தின்மேல் கட்ட எண்ணியிருக்கிறது. பலாங்கொடையில் கிடைத்த அளவு சிறிது. அங்கே பெருஞ்சுரங்கம் எதுவும் எழவில்லை.

கல்லுக்கு மேலே நின்றவர்கள்

ஆனந்த குமாரசுவாமி அத்துறையிலேயே நின்றிருந்தால் பெரும்பதவிகள் கிடைத்திருக்கும். இலங்கைப் புவிச்சரிதவியல் ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டமும் வழங்கியது. ஆனால் 1906 இன் இறுதியோடு அவர் பணிப்பாளர் பதவியை விட்டுவிட்டார்.

ஏன் விட்டார்? கனிப்பொருள் தேடி ஊரூராகப் போனவர், கல்லுக்கு மேலே நின்ற மனிதரையும் கண்டார். பலாங்கொடைப் பக்கத்தில் மரக்கரியைக்கொண்டு இரும்பு உருக்கும் தொழில் தெரிந்தவர்கள் அப்போதும் ஒரு சிலர் இருந்தார்கள். மண்ணுலை கட்டி, துருத்தி மிதித்து, இரும்பையும் உருக்கையும் எடுக்கும் முறையை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார். கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பு அவர்களுடைய உலையை அணைத்துவிட்டிருந்தது. நெசவாளர், குயவர், தட்டார், பாய் இழைப்பவர் எவரைப் பார்த்தாலும் கதை ஒன்றுதான். நிலக்கரியில் ஓடும் தொலைதூரத்து ஆலையின் பண்டம், இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறனைத் தேவையற்றதாக்கிக்கொண்டிருந்தது. நிலத்தடியில் உள்ளதைக் கணக்கெடுக்கச் சம்பளம் வாங்கியவருக்கு, நிலத்தின் மேலே அழிவதைக் கணக்கெடுக்க ஆளில்லை என்பது பொறுக்கவில்லை.

அந்த உலைகளைப்பற்றிப் பின்னாளில் வந்த செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அதே பலாங்கொடைக்கு அருகே, சமனலவெவப் பகுதியில், கில் ஜூலெஃப் என்ற பெண் தொல்லியலாளர் பழைய உலைகளைத் தோண்டியெடுத்தார். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டுவரை, துருத்தி இல்லாமல், தென்மேல் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உலை ஒன்றைக் கட்டி, காற்றுக்காலத்தில் மூட்டிக் காட்டினார் அவர். 1996 இல் அந்த ஆய்வும் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப்பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். காற்றால் உருக்கிய உருக்கு இங்கிருந்து அரபு நாட்டுக்கு எரிபொருள் எதுவும் கேட்காமல் போனது. இன்று எரிபொருளுக்காக நாம் அங்கே பார்த்திருக்கிறோம்.

குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவரானார். 1907 இல் இங்கிலாந்து திரும்பி, தாம் சேர்த்த குறிப்புகளையும் எதெல் பிடித்த ஒளிப்படங்களையும் வைத்து மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெருநூலை எழுதினார். புகழ்பெற்ற வில்லியம் மொறிஸின் கையச்சுப் பொறியைத் தம் வீட்டில் வைத்து, தாமே மேற்பார்வை செய்து 425 பிரதிகள் அச்சிட்டார். நூல் 1908 இல் வெளிவந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினைஞரின் புகழை உலகுக்குச் சொன்னார் என்பது நம் காலத்தில் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. எதெல் அம்மையாரோடு பின்னர் மணவாழ்வு முறிந்தது. அவர் சாயமிடலிலும் கைத்தறி நெசவிலும் இங்கிலாந்தில் முதன்மை பெற்றார். அந்த ஆர்வத்தின் வித்து இலங்கைப் பயணங்களில் விழுந்தது.

பொஸ்ரன் நாள்கள்

பின்னர் இந்தியாவில் பல ஆண்டுகள் திரிந்து ஓவியங்களையும் சிற்பங்களையும் சேர்த்தார். அவற்றைக்கொண்டு இந்தியாவிலேயே ஒரு தேசிய நூதனசாலை அமைக்க விரும்பினார். அந்த எண்ணம் கைகூடவில்லை. முதலாம் உலகப்போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட அவர் உடன்படவில்லை. 1917 இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியப் பகுதியின் காப்பாளரானார். அவருடைய சேகரிப்பும் அங்கேயே சேர்ந்தது.

அங்கே அவர் இஸ்லாமியக் கலையையும் ஆழ்ந்து கற்றார் என்பது நம்மில் பலர் அறியாதது. அல்-ஜஸரி என்ற பொறியியலறிஞர் 1206 இல் முடித்த பொறிகள்பற்றிய நூலின் பழைய ஓவிய ஏடுகள் சில பொஸ்ரனில் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 1924 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நீரின் பாரத்தையும் ஓட்டத்தையும் மட்டும் கொண்டு மணி காட்டும் கடிகாரமும், தண்ணீர் இறைக்கும் பொறியும் அந்த ஏடுகளில் வரையப்பட்டிருந்தன. பாரமான கல்லில் சக்தியைக் கண்டவரின் கண், நீரில் சக்தியைக் கண்ட முன்னோரையும் அடையாளம் கண்டுகொண்டது. பின்னர் 1934 இல், ஹிழ்ர் நபி (அலை) அவர்களும் ஜீவநீர் ஊற்றும் பாரசீக, மொகலாய ஓவியங்களில் எவ்வாறு காட்டப்படுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். தமிழ், சமஸ்கிருதம், பாளி, பாரசீகம், கிரேக்கம், இலத்தீன் என எம்மொழி மரபாயினும் மூலத்துக்குப் போய்த் தேடுவது அவருடைய இயல்பு. ஆற்றுப் பரலில் மாதிரி எடுத்துப் பகுத்துப் பார்த்த பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எழுபது வயது நிறைந்து சில நாள்களில், 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி, மசச்சூசெற்ஸ் மாநிலத்து நீடமில் தம் இல்லத்தில் காலமானார். இந்தியா விடுதலை பெற்று மூன்று வாரங்களே ஆகியிருந்தன. இலங்கையின் விடுதலைக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

நமக்கு எஞ்சியிருப்பது

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நமக்கு ஒன்றும் வைக்கப்படவில்லை என்பது சரியன்று. வைக்கப்பட்டது எது என்று பார்க்க ஆள் வேண்டும். பார்த்தபின், அதை எடுப்பதா, யாருக்காக எடுப்பது, எடுத்தால் எது அழியும் என்று கேட்கவும் ஆள் வேண்டும். முதல் வேலையை மூன்று ஆண்டுகள் செய்த குமாரசுவாமி, இரண்டாவது வேலையை மீதி நாற்பது ஆண்டுகளும் செய்தார். இந்த இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விகள் இப்போது ஏட்டளவில் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று மின்சாரத்துக்குக் கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியிருக்கிறது. மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் டீசல் இயந்திரத்தின் மின்சாரத்தில் வாழ்ந்த தீவுகள். சூரிய ஒளியையும் காற்றையும் சேர்த்து அங்கே மின்சாரம் எடுக்க 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு உடன்படிக்கை ஆயிற்று. மன்னார்க் கடலின் வாயுவை எடுப்பது பற்றிய பேச்சும் அவ்வப்போது எழுகிறது. துளையிட்டால் மீனவருக்கு என்ன ஆகும், காற்றாலை நட்டால் மழைநீர் எப்பக்கம் ஓடும், சுண்ணாம்புக்கல்லை வெட்டினால் எங்கள் கிணற்று நீர் நிற்குமா என்று சொல்ல, பாறையையும் படித்து ஊரையும் அறிந்த ஒருவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர் தோண்டும் கணக்கை மட்டும்தான் கொண்டுவருவார்.

புவிச்சரிதவியல் ஆண்பிள்ளைகளின் படிப்பு, காடும் மலையும் பெண்பிள்ளைகளுக்குச் சரிவராது என்று சொல்லும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர்களை இக்கட்டுரையில் எழுதிவிட்டேன். மேரி கியூரி, லீசே மைற்னர், பருவக்காற்றில் உலை மூட்டிய கில் ஜூலெஃப், கமராவைத் தூக்கிக்கொண்டு மலைநாடெங்கும் நடந்த எதெல். குமாரசுவாமி தொடக்கிவைத்த அளவைப் பணி இன்று புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. புவிச்சரிதவியலைப் பட்டப்படிப்பாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்கலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மாணவியர், பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்தத் துறையின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். கேள்வி கேட்ட அந்த மாணவி பார்த்தாள். இப்போது பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் வந்தபோது, வெளிக்களப் பயிற்சிக்குப் பலாங்கொடைப் பக்கம் போய் வந்ததாகச் சொன்னாள்.